எம்.எஸ். நோயாளிக்கு ஒரு கோப்பு, ஒரு மருத்துவர்: தருமபுரி, கிருஷ்ணகிரி நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

பெறுநர்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர்கள், இரு மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முதல்வர்கள், நலப்பணிகள் இணை இயக்குநர்கள்

பெருமதிப்பிற்குரியீர்,

வணக்கம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (சுருக்கமாக எம்.எஸ்.) எனப்படும் தண்டுவட மரப்பு நோய் உள்ளவர்களுக்காக இரு மாவட்டங்களுக்கும் சேர்த்து ஒரு தனிப் பிரிவு வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறோம். மாதத்தில் இரண்டு நாள் போதும். ஆனால் அந்த இரண்டு நாளும் அதே நரம்பியல் மருத்துவர், அதே செவிலியர், அதே கோப்பு இருக்க வேண்டும். நாங்கள் வற்புறுத்துவது இந்த 'அதே' என்ற சொல்லைத்தான். ஏன் என்பதை வேலையின் உள்விவரத்தோடு சொல்கிறோம்.

எம்.எஸ். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். மூளையிலும் தண்டுவடத்திலும் பார்வை நரம்பிலும் நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறையை உடலின் எதிர்ப்பு அணுக்களே அரிக்கின்றன. உறை போன இடத்தில் செய்தி தடுமாறுகிறது. சில வாரங்களில் ஓரளவு சரியாகிவிடும், பிறகு வேறோர் இடத்தில் தாக்கும். 1868இல் பாரிஸில் ஷார்கோ என்ற நரம்பியல் மருத்துவர் இதைத் தனி நோயாக விவரித்தார். முதல் மருந்தான இன்டர்ஃபெரான் பீட்டா அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது 1993இல். இடைப்பட்ட காலத்தில் மருத்துவர்கள் நோயின் போக்கைக் குறித்து வைப்பதைத் தவிர அதிகம் செய்ய முடியவில்லை. இன்று நிலைமை வேறு. 25 வயதில் நோய் கண்ட பெண்ணுக்குச் சரியான மருந்தைச் சரியான நேரத்தில் தொடங்கினால், அவர் பல பத்தாண்டுகள் தன் காலிலேயே நடக்க நல்ல வாய்ப்பு உண்டு. அத்தனை ஆண்டுகளும் அவரை ஒருவர் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எம்.எஸ். பார்க்கும் நரம்பியல் மருத்துவரின் தொழில் வாழ்க்கை என்பதே இப்படிச் சில நூறு பேரோடு சேர்ந்து மூப்படைவதுதான்.

நோய் முதலில் வந்து நிற்கும் வாசல் பல சமயம் கண் மருத்துவமனை. ஒரு கண் மட்டும் சில நாட்களில் மங்கும், கண்ணை அசைத்தால் வலிக்கும், நிறம் வெளுத்துத் தெரியும். கண்ணாடிக் கடையில் பவர் பார்த்து அனுப்பிவிட்டால் மாதங்கள் வீணாகும். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. சிவப்பு மூடி ஒன்றை முதலில் நல்ல கண்ணுக்கும் பிறகு மங்கிய கண்ணுக்கும் காட்டி, 'இரண்டும் ஒரே சிவப்பா?' என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். டார்ச்சை ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு மாற்றி மாற்றி அடிக்கும்போது, பாதித்த கண்ணின் பாப்பா சுருங்குவதற்குப் பதிலாக விரிந்தால் பார்வை நரம்பு பழுதாகியிருக்கிறது என்று பொருள். இந்த இரண்டு சோதனைகளையும் ஆரம்ப சுகாதார நிலையம் வரை சொல்லிக்கொடுங்கள். கூடவே ஓர் எச்சரிக்கையும் போக வேண்டும். இந்தக் கண் நரம்பு அழற்சிக்கு ப்ரெட்னிசோலோன் வகை ஸ்டீராய்டு மாத்திரையை மட்டும் வழக்கமான அளவில், கிலோவுக்கு 1 மில்லிகிராம் வீதம், கொடுத்தவர்களுக்கு நோய் திரும்ப வருவது கூடியது என்று 1992இல் வெளியான ஆய்வு காட்டிவிட்டது. இன்னும் பல இடங்களில் அந்தச் சீட்டுத்தான் எழுதப்படுகிறது.

அடுத்து ஸ்கேன். பணமும் காலமும் மிக அதிகமாக வீணாவது இங்கேதான், ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறோம். கால் மதமதப்பு, நடை தடுமாற்றம், சிறுநீர் அவசரம் என்று ஒருவர் வந்தால் பெரும்பாலும் எழுதப்படுவது இடுப்புத் தண்டுவட எம்.ஆர்.ஐ. ஆனால் தண்டுவடம் இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பு அருகிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பவை நரம்பு வேர்கள் மட்டும். கால் விறைத்து, முழங்காலில் தட்டினால் துள்ளி, உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேல்நோக்கிப் போகிறது என்றால் பழுது கழுத்திலோ மார்புப் பகுதியிலோ அல்லது மூளையிலோ இருக்கிறது. இடுப்பில் ஸ்கேன் எடுத்தால், வயல்வேலை செய்யும் யாருக்கும் இருக்கக்கூடிய 'டிஸ்க் பல்ஜ்' ஒன்று அறிக்கையில் வரும். அதற்கு பெல்ட்டும் வலி மாத்திரையும் தருவார்கள். நோய் தன் வழியில் போய்க்கொண்டிருக்கும்.

நம் இரு மாவட்டங்களில் இன்னொரு குழப்பமும் உண்டு. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்த பகுதி இது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டதே அதற்காகத்தான். அதற்கு முன் பல ஆண்டுகள் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்தவர்களுக்கு முதுகெலும்பின் தசைநார்கள் சுண்ணாம்பேறித் தடித்துத் தண்டுவடத்தை அழுத்தலாம். அப்போதும் கால் விறைக்கும், நடை கெடும். ஆகவே பென்னாகரம், பாலக்கோடு பக்கத்திலிருந்து கால் விறைப்போடு வருபவரை 'இது ஃப்ளோரைடுதான்' என்று அனுப்பிவிடுவதும் தவறு, படம் பார்க்காமல் எம்.எஸ். என்று முத்திரை குத்துவதும் தவறு. ஃப்ளோரைடு நோயில் முதுகும் கழுத்தும் இறுகித் திரும்பாது, எக்ஸ்ரேயில் எலும்பு வழக்கத்துக்கு மீறி வெளுத்துத் தெரியும், தண்டுவடம் வெளியிலிருந்து நெரிபடுவது எம்.ஆர்.ஐ.யில் தெரியும். எம்.எஸ்.ஸில் எலும்பு நன்றாக இருக்கும், தண்டுவடத்துக்கு உள்ளேயே சிறு தழும்பு இருக்கும். வைட்டமின் பி12 குறைபாடும் இதே போல வேடம் போடும். அதற்கு ஊசி போட்டாலே மீட்சி உண்டு என்பதால் அதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

எனவே ஒரே ஒரு ஸ்கேன் நெறிமுறையை எழுதி இரு மருத்துவமனைகளின் கதிரியக்கப் பிரிவிலும் ஒட்டிவையுங்கள்: மூளையும், கழுத்து, மார்புத் தண்டுவடமும் ஒரே அமர்வில், மூளைக்குத் தழும்பைத் தெளிவாகக் காட்டும் ஃப்ளேர் வகைப் படம் நெடுக்குவெட்டிலும், துண்டுகள் 3 மில்லிமீட்டருக்கு மேல் தடிக்காமல், சிறுநீரகம் சரியாக இருந்தால் காடோலினியம் என்ற நிறமூட்டி மருந்தை ஏற்றிய பிறகு ஒருமுறை. படத்தைக் குறுந்தகட்டில் கட்டாயம் கொடுக்க வேண்டும். ஓராண்டு கழித்து எடுக்கும் படத்தை அதே முறையில், முடிந்தால் அதே இயந்திரத்தில் எடுத்து அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் புதிதாக ஒரு தழும்பு முளைத்திருக்கிறதா என்று சொல்ல முடியும். நோயை உறுதிசெய்ய மெக்டொனால்டு வரையறை என்று நாங்கள் பின்பற்றுவது 2001இல் வந்து பலமுறை திருத்தப்பட்டது. 2017 திருத்தம் வரை அதன் சாரம், நரம்பு மண்டலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில், ஒன்றுக்கு மேற்பட்ட காலங்களில் நோய் தாக்கியிருக்க வேண்டும் என்பதே. 2017 திருத்தத்தின்படி முதுகுநீரில் ஆலிகோகுளோனல் பட்டைகள் என்ற எதிர்ப்புப்பொருள் தடயம் இருந்தால் இரண்டாவது தாக்குதலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அந்தச் சோதனைக்கு முதுகுநீரோடு அன்றே எடுத்த ரத்த மாதிரியும் போக வேண்டும். முதுகுநீரை மட்டும் அனுப்பினால் முடிவுக்குப் பொருள் இல்லை. நோயாளியின் முதுகில் இரண்டாம் முறை குத்த நேர்வது பெரும்பாலும் இந்த ஒரு மறதியால்தான்.

எம்.எஸ். போலவே இருந்து எம்.எஸ். அல்லாத இரண்டு நோய்களை இங்கே பிரித்தாக வேண்டும். ஒன்று பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நியூரோமைலிட்டிஸ் ஆப்டிகா, மற்றது மயலின் உறையிலுள்ள மாக் (MOG) புரதத்துக்கு எதிரான எதிர்ப்புப்பொருள் நோய். தண்டுவடத்தில் மூன்று முள்ளெலும்பு நீளத்துக்கு மேல் வீக்கம், இரு கண்களும் ஒருசேர மங்குதல், காரணமில்லாமல் நாள் கணக்கில் நிற்காத விக்கலும் வாந்தியும் என்று வந்தால் அக்வபோரின்-4, மாக் இரண்டு எதிர்ப்புப்பொருள் சோதனைகளையும் செய்ய வேண்டும். செல் அடிப்படையிலான முறையே நம்பத்தக்கது. ரத்த மாதிரியை ஸ்டீராய்டுக்கும் பிளாஸ்மா மாற்றத்துக்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். எம்.எஸ்.ஸுக்குத் தரும் இன்டர்ஃபெரானும் ஃபிங்கோலிமோடும் நியூரோமைலிட்டிஸ் ஆப்டிகாவை மோசமாக்கக்கூடியவை. ஒரு ரத்த மாதிரி எடுக்க மறந்ததற்காக ஒருவர் பார்வையை இழக்கக் கூடாது. விக்கலோடு வயிற்று நோய்ப் பிரிவில் படுத்திருக்கும் இளம்பெண்ணை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லி பொது மருத்துவத் துறைக்கும் ஒரு சுற்றறிக்கை போகட்டும்.

இனி, நோயாளிகள் 'அட்டாக்' என்று சொல்லும் மீள்தாக்குதலைப் பற்றி. புதிய குறை ஒன்று வந்தோ பழையது கூடியோ, காய்ச்சலும் தொற்றும் இல்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால்தான் அது மீள்தாக்குதல். சித்திரை வெயிலில் தக்காளித் தோட்டத்தில் நின்றவருக்கும், மாங்கூழ் ஆலையில் கொதிகலன் பக்கத்தில் வேலை செய்தவருக்கும், காய்ச்சல் கண்டவருக்கும் உடம்பு சூடேறினாலே பழைய மங்கலும் தளர்வும் திரும்பும். உறை தேய்ந்த நரம்பு சூட்டில் இன்னும் மெதுவாகத்தான் செய்தி கடத்தும். உடல் உழைப்புக்குப் பின் பார்வை இப்படித் தற்காலிகமாக மங்குவதை 1890இல் உட்ஹாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் எழுதிவைத்தார். நிழலில் உட்கார்ந்து, தலையிலும் கழுத்திலும் ஈரத்துணி போட்டு, குளிர்ந்த நீர் குடித்தால் ஒரு மணி நேரத்தில் தணிந்துவிடும். அதற்கு ஸ்டீராய்டு தேவையில்லை. ஆகவே எந்த 'அட்டாக்' வந்தாலும் முதல் வேலை வெப்பநிலை பார்ப்பது, இரண்டாவது சிறுநீர்ச் சோதனை. சிறுநீர்த் தொற்று தெரியாமல் ஸ்டீராய்டு ஏற்றினால் தொற்று ரத்தம் வரை போய்விடும்.

உண்மையான மீள்தாக்குதல் என்றால் மெத்தில்ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு 1 கிராம், நாள் ஒன்றுக்கு ஒரு முறை, 3 முதல் 5 நாள். 250 மில்லி சலைனில் கலந்து ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும். அவசரத்தில் நேரடியாகச் செலுத்தினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், நின்றும் போகலாம். முன்னதாகச் சர்க்கரை, ரத்த அழுத்தம், பொட்டாசியம், மார்பு எக்ஸ்ரே. காசநோய் மறைந்திருக்கும் ஊர்கள் நம்முடையவை என்பதால் எக்ஸ்ரேயை விட்டுவிடக் கூடாது. காலை நேரத்திலேயே ஏற்றினால் இரவுத் தூக்கம் ஓரளவு மிஞ்சும். வாயில் உலோகச் சுவை வரும், முகம் சிவக்கும், மனம் படபடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாம் நாள் வர மாட்டார்கள்.

இதில் பெரிய மருத்துவமனை தேவைப்படும் வேலை ஏதுமில்லை. அரூர், பென்னாகரம், தேன்கனிக்கோட்டை, ஊத்தங்கரை அரசு மருத்துவமனைகளிலேயே பகல்நேரச் சிகிச்சையாகச் செய்யலாம். அஞ்செட்டியிலிருந்து ஐந்து நாள் தொடர்ந்து பெங்களூருக்கோ சேலத்துக்கோ போய்வருவது என்றால் நோயாளிக்கும் கூட வருபவருக்கும் ஐந்து நாள் கூலி போகும். மருந்தின் விலையைவிட அந்தக் கூலிதான் பலரைப் பாதியில் நிறுத்துகிறது. தாலுகா மருத்துவமனைக்கு ஒரு பக்கக் குறிப்பும், சந்தேகம் கேட்க ஒரு தொலைபேசி எண்ணும் கொடுத்தால் போதும். ஆனால் ஒன்றைத் தெளிவாக எழுத வேண்டும்: ஸ்டீராய்டு மீட்சியை விரைவுபடுத்துமே தவிர அடுத்த தாக்குதலைத் தடுக்காது. மாதா மாதம் 'தெம்புக்கு' என்று ஏற்றும் பழக்கம் எலும்பையும் கண்ணையும் சர்க்கரையையும் கெடுக்கும்.

அடுத்த தாக்குதலைத் தடுக்கும் மருந்துகள் வேறு. நோயின் எதிர்காலம் அவற்றில்தான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் எம்.எஸ்.ஸுக்காக ரிட்டுக்சிமாப், கிளாட்டிராமர், கிளாட்ரிபின் என மூன்றைச் சேர்த்தது. ரிட்டுக்சிமாப் நம் நாட்டிலேயே பல நிறுவனங்கள் தயாரிப்பது, புற்றுநோய்ப் பிரிவுக்கு ஏற்கெனவே பழக்கமானது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை 500 மில்லிகிராம் அல்லது 1 கிராம் என்பதால் தினமும் மாத்திரை, வாரம் மூன்று ஊசி என்ற பாடு இல்லை. கிராமத்தில் இருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறில்லை என்பது எங்கள் முடிவு.

அதை நடத்துவது எப்படி என்றால், முதல் தவணைக்கு முன் ஹெபடைடிஸ் பி சோதனை இரண்டு வகையிலும், அதாவது மேற்பரப்பு ஆன்டிஜெனும் கோர் எதிர்ப்புப்பொருளும் பார்க்க வேண்டும். முதலாவதை மட்டும் பார்த்தால், எப்போதோ வந்து உறங்கும் வைரஸ் தப்பிவிடும், மருந்துக்குப் பின் விழித்துக் கல்லீரலை அழிக்கும். எச்.ஐ.வி., காசநோய்ச் சோதனை, இம்யூனோகுளோபுலின் ஜி அளவு, பெண்களுக்குக் கர்ப்பச் சோதனை. தடுப்பூசிகளை நான்கு வாரம் முன்பே முடித்துவிட வேண்டும், பிறகு போட்டால் சரியாகப் பிடிக்காது. அன்றைய நாளில் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் அதை நிறுத்தி வைக்கலாமா என்று கேட்டு முடிவு செய்ய வேண்டும். மருந்து ஏறும்போது அழுத்தம் இறங்கும். அரை மணி முன்னதாகப் பாராசிட்டமால், ஒவ்வாமை ஊசி, மெத்தில்ப்ரெட்னிசோலோன் 100 மில்லிகிராம். 500 மில்லிகிராமை 500 மில்லி சலைனில் குலுக்காமல் கலந்தால் ஒரு மில்லிக்கு ஒரு மில்லிகிராம் என்று கணக்கு எளிது. மணிக்கு 50 மில்லியில் தொடங்கி, அரை மணிக்கு ஒரு முறை 50 கூட்டி, 400க்கு மேல் போகாமல் நிறுத்த வேண்டும். தொண்டை அரிப்பும் தடிப்பும் குளிர் நடுக்கமும் முதல் தவணையில்தான் அதிகம். உடனே நிறுத்தி, அடங்கிய பின் பாதி வேகத்தில் தொடங்கினால் பெரும்பாலோர் முடித்துவிடுவார்கள். இதற்குத் தேவை நான்கு சாய்வு நாற்காலி, நான்கு இன்ஃபியூஷன் பம்ப், அட்ரினலின் உள்ள அவசரத் தட்டு, பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர். ஆறு மாதம் முடியும் வாரத்தில் வராதவரை அழைத்துப் பேசவும் அந்தச் செவிலியருக்கு நேரம் ஒதுக்க வேண்டும்.

மாத்திரைகளில் டைமெத்தில் ஃபியூமரேட் முதல் வாரம் 120 மில்லிகிராம் இரு வேளை, பிறகு 240 இரு வேளை. வெறும் வயிற்றில் போட்டால் வயிற்றெரிச்சலும் முகச் சிவப்பும் தாங்காமல் பலர் முதல் மாதமே விட்டுவிடுகிறார்கள். களியோ சோறோ வயிறு நிறையச் சாப்பிட்ட பின் போட்டால் தாங்கும். ஃபிங்கோலிமோடு முதல் மாத்திரை போட்டதும் நாடித்துடிப்பு குறையும். இ.சி.ஜி. எடுத்து, ஆறு மணி நேரம் மணிக்கொரு முறை நாடியும் அழுத்தமும் பார்த்து, மறுபடி இ.சி.ஜி. எடுத்துத்தான் அனுப்ப வேண்டும். மூன்று, நான்கு மாதத்தில் விழித்திரைச் சோதனை. கையிருப்பு தீர்ந்தது என்று இந்த மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் நோய் முன்பைவிடச் சீறித் திரும்பக்கூடும். எனவே தொடர்ந்து வாங்கித் தர வழியில்லாத மருந்தைத் தொடங்கவே கூடாது. மருந்துக் கிடங்குக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

கல்யாணம், பிள்ளைப்பேறு பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் மருந்து எழுதக் கூடாது. எம்.எஸ். இருப்பவர் கருத்தரிக்கலாம். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் தாக்குதல் குறைகிறது, பிரசவத்துக்குப் பின் மூன்று மாதத்தில் கூடுகிறது. ஃபிங்கோலிமோடைக் கருத்தரிப்பதற்கு இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டெரிஃப்ளூனமைடு என்றால் கொலெஸ்டிரமின் கொடுத்து உடலிலிருந்து வெளியேற்ற வேண்டும். இதெல்லாம் திருமணத்துக்கு முன் நடக்க வேண்டிய பேச்சு. பெண்ணின் மாமியார் அருகில் நிற்கும்போது நடக்காது. தனி அறை ஒன்று கேட்பது அதனால்தான்.

விறைப்புக்கும் சிறுநீருக்கும் வருவோம். பாக்லோஃபென் 5 மில்லிகிராம் மூன்று வேளை என்று தொடங்கி மெல்லக் கூட்ட வேண்டும். விறைப்பையே ஊன்றுகோலாக வைத்து நிற்பவருக்கு அளவு மீறினால் கால் துவண்டு விழுவார். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பும் மனப்பிதற்றலும் வரும். சிறுநீர் அவசரத்துக்கு ஆக்சிபியூட்டினின் எழுதும் முன், சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று அல்ட்ராசவுண்டில் பார்க்க வேண்டும். 100 மில்லிக்கு மேல் தங்கினால் அந்த மாத்திரை தேக்கத்தைக் கூட்டும். அவர்களுக்குச் சிறுநீரை வடிக்கும் சுத்தமான குழாயைத் தாங்களே நாளுக்கு நான்கைந்து முறை போட்டு எடுக்கக் கற்றுத்தர வேண்டும். பெண்களுக்குக் கண்ணாடி வைத்துக்கொண்டு பெண் செவிலியரே கற்றுத்தர அரை மணி நேரம் ஆகும். அவசரமான வெளிநோயாளர் பிரிவில் அந்த அரை மணி யாருக்கும் கிடைப்பதில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீட்டுக்கே வரும் இயன்முறைச் சிகிச்சை அதில் இருக்கிறது. எம்.எஸ். நோயாளிகளின் பெயர்ப் பட்டியலை அவர்களிடம் கொடுத்து, பயிற்சியை வெயிலுக்கு முன் காலையில் வைக்கச் சொன்னால் போதும். தளி, ஓசூர் பக்கம் குறிப்புகள் தெலுங்கிலும் கன்னடத்திலும் இருக்கட்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் பட்டியலில் உள்ள 21 வகைகளில் எம்.எஸ். ஒன்று. ஆனால் சான்றிதழ்க் குழு முன் காலை பத்து மணிக்கு நான்கு எட்டு நடந்து காட்டுபவருக்கு சலுகைகளுக்குத் தேவையான 40 விழுக்காடு ஊனம் என்ற மதிப்பீடு வருவது கடினம். அவரே மாலை நான்கு மணிக்குச் சுவரைப் பிடிக்காமல் கழிப்பறைக்குப் போக முடியாது. கண், சிறுநீர், கை நடுக்கம், களைப்பு எல்லாம் கோப்பில் இருந்தால்தான் குழுவுக்குத் தெரியும். நரம்பியல் மருத்துவரின் எழுத்துக் குறிப்பைக் குழு கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும்.

கடைசியாக மருத்துவரைப் பற்றி. எம்.பி.பி.எஸ்., எம்.டி. முடித்து மேலும் மூன்றாண்டு படித்தவரே நரம்பியல் நிபுணர். எம்.எஸ். நோயாளியை நாங்கள் அளப்பது 0 முதல் 10 வரையுள்ள குர்ட்ஸ்கே அளவுகோலில். 4 என்றால் கோலில்லாமல் 500 மீட்டர் நடக்கிறார், 6 என்றால் 100 மீட்டருக்கு ஒரு கோல் வேண்டும், 7 என்றால் சக்கர நாற்காலி. ஓராண்டில் அரைப் புள்ளி, ஒரு புள்ளி நகர்ந்ததா என்பதைப் பொறுத்து மருந்து மாற்றப்படுகிறது. ஆண்டுக்கு ஒருவர் மாறி மாறிப் பார்த்தால் நகர்ந்தது நோயாளியின் காலா, அளந்தவரின் கண்ணா என்று தெரியாது. எனவே இந்தப் பிரிவின் பொறுப்பு மருத்துவரைக் குறைந்தது ஐந்தாண்டு மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால், புதியவரும் பழையவரும் இரண்டு மாதம் சேர்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு நோயாளியையும் ஒப்படைக்கட்டும்.

25 அடி நடைக்குத் தரையில் வண்ணக் கோடு, ஒரு நிறுத்துக் கடிகாரம், கைத்திறனை அளக்க ஒன்பது துளைப் பலகை, நான்கு நாற்காலி, பூட்டுள்ள ஒரு அலமாரி என்று முதல் நாளுக்கு வேண்டியவை இவ்வளவே. ஸ்கேன் நெறிமுறை, தாலுகா மருத்துவமனைக்கான ஸ்டீராய்டுக் குறிப்பு, ரிட்டுக்சிமாப் சரிபார்ப்புத் தாள் மூன்றையும் தமிழில் எழுதித் தரவும், செவிலியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி அளிக்கவும் நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். எந்த மருத்துவமனையில், எந்தக் கிழமை என்று மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
எம்.எஸ். நோயாளிகளோடு பணிபுரியும் நரம்பியல் மருத்துவர்கள், செவிலியர்கள், இயன்முறை மருத்துவர்கள்